லியோட்டாவின் பூவாளி

"உண்மையைச் சொல்லு வெர்லின், ராத்திரியில தண்ணி ஊத்துறியா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிளைடு கத்தினான். கான்சாஸ் முழுக்க வறட்சி. தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாதென்று நகராட்சி உத்தரவு. கிளைடு வீட்டுப் புல்தரை கருகிக் கிடந்தது.

"இது காட்டுப் பூவுப்பா. வெயில் ஒண்ணே போதும்."

"அப்ப மண்ணு எப்படிச் சொதசொதன்னு கிடக்கு?"

அது வெர்லினுக்கும் விளங்கவில்லை.

மனைவி லியோட்டா பார்த்துப் பார்த்து வளர்த்த புல்தரையைக் கொத்திப் போட்டுத்தான் இந்தப் பூக்களை விதைத்தார். "வித்தியாசமாத்தான் இருக்கு" என்று மட்டும் அவள் சொன்னாள். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு மனுஷன் உச்சி குளிர்ந்து போனார். போன பனிக்காலத்தில் அவள் கண்ணை மூடியபிறகு, பேச்சுத் துணைக்கு இந்தச் செடிகள்தான்.

தோட்டத்துக் குழாயைப் பூட்டினார். மறுநாளும் மண் ஈரம். போதாக்குறைக்கு, அவள் போனபிறகு சர்ச் விற்பனைக்கு அவர் கொடுத்துவிட்ட லியோட்டாவின் பச்சைப் பூவாளி வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. அதன் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ராத்திரியில் யார் வருகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் செடிகளைச் சுற்றிக் கோதுமை மாவைத் தூவினார். விடிந்து பார்த்தால் மாவில் வெறுங்கால் தடம். வலது கால் நேராக, இடது கால் இழுத்து இழுத்து. நாற்பது வருஷம் கூடவே குடித்தனம் செய்தவருக்கு லியோட்டாவின் நடை தெரியாதா? பயமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"செத்தும் என் செடியை மறக்கலையே, கண்ணு!"

அன்றிலிருந்து குழாயைப் பூட்டாமல் விட்டார். பூவாளியையும் நிரப்பி வைத்தார். கிளைடு புகார் கொடுத்தான். கொடுக்கட்டும் என்று இருந்துவிட்டார்.

ஆனால் பூக்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. அவள் வந்துபோகும் இடமும் இல்லாமல் போய்விடுமே என்று பதறி, வாடிய செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, விதை வாங்கிய நர்சரிக்கு ஓடினார்.

கடைக்காரி ட்ரூடி வேரை முகர்ந்து பார்த்தாள். "அழுகிடுச்சு. இதுக்கு வறட்சியெல்லாம் ஒண்ணுமே இல்லை. தண்ணி அதிகமானாத்தான் சாகும்."

"லியோட்டாவுக்கு அது தெரியாதும்மா. பாசத்துல ஊத்திட்டா."

ட்ரூடி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"லியோட்டாக்காவுக்கா தெரியாது? இந்தச் செடியைச் சாகடிக்க என்ன வழின்னு போன வருஷம் என்கிட்டதானே கேட்டுட்டுப் போனாங்க!"