உப்புக் கரைசலில் என் தங்கை

சான் லூயிஸ் பொத்தோசி,
வெள்ளிக்கிழமை

பேராசிரியர் எவெரார்தோவுக்கு உன் பெரியம்மா எர்மெலிந்தா எழுதுவது. உன் வீட்டில் அனைவரும் நலம் என்று கேள்விப்பட்டேன். யாரும் விசாரிக்காவிட்டாலும் நானும் நலமே.

உன் பொதுச் சொற்பொழிவின் நடுவில் நான் எழுந்து போனது ஒன்றும் புரியாததால் என்று உன் மனைவி சொல்லித் திரிகிறாளாம். தவறு. புரிந்ததால்தான் போனேன். கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் கன்னியாஸ்திரிகள் எனக்கு அடித்தே கற்பித்தார்கள். நீரில் மிதக்கும் உருண்டையான பெரிய மூலக்கூறுகள் எல்லாம் ஒரே மின்னேற்றம் கொண்டவை, அதனால் ஒன்றையொன்று தள்ளும் என்றாய். சரி. உப்பைக் கரைத்தால் எதிர் மின்னேற்றத் துகள்கள் ஒவ்வொரு உருண்டையையும் சூழ்ந்து மறைக்கும், தள்ளல் அடுத்ததற்கு எட்டாது என்றாய். அதுவும் சரி. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க வீட்டுலயும் அப்படி ரெண்டு உருண்டைங்க இருக்காங்க. எங்கம்மா செத்த ஒன்பதாம் நாள் ஜெபமாலையில சொந்தக்காரங்களைக் கரைச்சு விட்டோம். பக்கத்துல பக்கத்துல உக்காந்து சமாதானமாயிட்டாங்க!" என்றாய். அரங்கமே சிரித்தது. அதில் ஓர் உருண்டை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

மறைப்பு வேறு, சமாதானம் வேறு. அன்று என் வீட்டில் எனக்கும் என் தங்கை ஒத்தீலியாவுக்கும் நடுவே உறவுக் கூட்டம், "கொஞ்சம் நகருங்க பெரியம்மா, தமால் தட்டு வருது" என்று இடித்துக்கொண்டே இருந்ததால் அவள் முகமே எனக்குத் தெரியவில்லை. சண்டை போட ஆளைப் பார்க்க வேண்டாமா? கூட்டம் கலைந்ததும் அந்த அருமைத் தங்கை வாய் திறந்தாள்: "காப்பி வெறும் தண்ணிக்கா. உன் புருஷனும் இதைக் குடிச்சுத்தான போய்ச் சேர்ந்தாரு." உப்பை நீக்கினால் பழைய தள்ளல் திரும்பும் என்று நீ காட்டிய படத்திலேயே இருந்ததே, நீ பார்க்கவில்லையா?

மும்மடங்கு மின்னேற்றம் உள்ள சின்னத் துகள் மட்டும் ஒரே மாதிரியான இரண்டு உருண்டைகளை இரு கையாலும் பிடித்துச் சேர்த்துவைக்கும் என்றாய். எங்களுக்கு அது உன் அம்மா. அவளைத்தான் புதைத்துவிட்டோம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒத்தீலியாவைப் பெட்டி படுக்கையோடு என் வீட்டில் கொண்டுவந்து இறக்கும் ஏற்பாட்டை நிறுத்து. அவளுடைய வாடகை அறையை அதற்குள் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொன்னது உன் அவசரம்.

தேவமாதா உனக்கு இனியாவது நல்ல உவமைகளைத் தந்தருளட்டும்.

எர்மெலிந்தா

பி.கு.: ஒத்தீலியா இப்போது தன் அறையில் ஜெபமாலை சொல்லும்போது, பதில் சொல்ல ஆளில்லாமல் இரண்டு பாதியையும் தானே சொல்கிறாள் என்று பங்குச் சாமியார் தெரிவித்தார். அது முறையல்ல. என் வீட்டு முற்றத்துப் பக்க அறையில் அவளுக்குக் கட்டில் போட்டாயிற்று. இரவில் கதவு திறந்திருக்க வேண்டுமா, சாத்தியிருக்க வேண்டுமா என்று அவளிடம் கேட்டு, எழுத்தில் பதில் அனுப்பு.