ரிமோட் இல்லாத நாற்பது நாள்

"இந்த வீட்டில் இனிமேல் ரிமோட் கிடையாது!" என்று தேவானந்தம் அறிவித்தபோது அவர் மனைவி ஜெயபுஷ்பம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் வழிந்ததை அவர் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

ஆம்பூர் கடைத்தெருவில் வாங்கிய புது டிவி சுவரில் ஏறிவிட்டது. கையை ஆட்டினால் சேனல் மாறும். கையை உயர்த்தினால் சத்தம் கூடும். உள்ளங்கையைக் காட்டினால் வாயை மூடிக்கொள்ளும். கடையில் விற்பனையாளர் ஒரே ஒரு தடவைதான் செய்து காட்டினார். தேவானந்தம் அங்கேயே சொக்கி விழுந்துவிட்டார்.

"இன்னா புஷ்பம், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற?"

"வேலூர் பஸ்ஸுக்கு நான் தினம் கை காட்டுறேன். கண்ணு இருக்கிற டிரைவரே நிறுத்த மாட்டேங்கிறான். டிவி நிறுத்தப் போவுதா?"

"இது டெக்னாலஜி!"

"சரி. கரென்ட் போனா எந்தக் கையை ஆட்டுவீங்க?"

தேவானந்தம் பேச்சை மாற்றினார். ரிமோட்டை டப்பாவில் போட்டு பீரோ மேல் வைக்கச் சொன்னார். அவரே வைத்திருப்பார்தான். கை ஏறவில்லை.

சங்கதி அதுதான். தோல் பதனிடும் டேனரியில் தலைக்கு மேல் ஓடும் கொக்கிகளில் ஈரத்தோலை மாட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் மாட்டிய வலது கை, ஒருநாள் காலையில் தோளோடு இறுகிப்போனது. சட்டை போடவே ஆள் வேண்டும் என்றாகிவிட்டது. டாக்டர் ஒரு தாள் கொடுத்தார்: நாற்பது நாள், தினமும் இருவேளை கையை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். தேவானந்தம் ஒருநாள் செய்தார். "வலிக்குது" என்று தாளை மடித்து வைத்தார். மேனேஜரோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இரண்டு மாதத்துக்குள் வந்து தோலை மாட்டிக் காட்டு, இல்லாவிட்டால் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுது. அதை நினைத்தாலே தேவானந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. தாள் மட்டும் மடித்தபடியே கிடந்தது.

ஜெயபுஷ்பம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாத்திரையைத் துப்புகிற நோயாளிகளைப் பதினெட்டு வருடமாகப் பார்த்தவள்.

டிவி முதல் மூன்று நாள் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. இவர் கொசு அடித்தால் சேனல் மாறியது. தலையைச் சொறிந்தால் அலறியது. இவர் வேண்டுமென்று கையை ஆட்டினால் மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை பாஸ்டர் இவர்கள் வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்து, ஆசீர்வதிக்க இரண்டு கையையும் உயர்த்தினார். டிவி தானாகவே உயிர்பெற, சீரியல் மாமியார் ஒப்பாரி வைத்தாள். பாஸ்டர் ஆமென் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து டிவி திருந்திவிட்டது. தேவானந்தம் இடுப்புயரத்துக்குக் கையைக் கொண்டுபோனால் சேனல் மாறியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? பழகிடுச்சு!"

"ஆமாங்க, அறிவு ஜாஸ்திதான்" என்றாள் ஜெயபுஷ்பம், அவருக்குப் பின்னால் சமையலறை வாசலில் உட்கார்ந்து.

அடுத்த வாரம் இடுப்புயரம் போதவில்லை.

"இன்னா இது, அசைய மாட்டேங்குது?"

"அப்டேட் ஆயிருக்குமுங்க. கொஞ்சம் மேல தூக்குங்க. இன்னும் கொஞ்சம். தோள் வரைக்கும்."

"வலிக்குது புஷ்பம்."

"அப்போ விளம்பரமே பாருங்க."

கடைசி ஓவர். ஆறு பந்து, பன்னிரண்டு ரன். திரையிலோ பல்பொடி விளம்பரம். தேவானந்தம் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோனார். கிரிக்கெட் வந்தது. கையை இறக்கினார். பல்பொடி வந்தது. அந்த ஓவர் முழுக்க மனிதர் கையை இறக்கவே இல்லை. வாராவாரம் ஒரு அப்டேட் வந்தது. வாராவாரம் கை ஒரு சாண் மேலே போனது.

டிவி திருந்திய நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெயபுஷ்பம் காலை டியூட்டிக்குப் போயிருந்தாள். டேனரியில் கூடவே தோல் மாட்டும் சிநேகிதர் அப்துல் கஃபார் டிவியைப் பார்க்க வந்தார்.

தேவானந்தம் கையை ஆட்டினார். டிவி அசையவில்லை.

"இரு தோஸ்த், அப்டேட் ஆயிருக்கும்" என்று தலைக்கு மேல் உயர்த்தினார். காதை ஒட்டி நீட்டினார். ஊஹும்.

கஃபார் டிவியைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிவி கெடக்குது தேவா. உன் கை எப்படிப்பா அவ்ளோ மேல போச்சு?"

தேவானந்தம் தன் கையை அண்ணாந்து பார்த்தார். உண்மைதான். அது கொக்கி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

கஃபார் டிவி அருகில் போய்க் குனிந்தார். "இன்னா பேஜாரு இது? கையைப் பாக்குற கேமரா மேல கறுப்பு டேப் ஒட்டியிருக்குது!"

தேவானந்தம் விறுவிறுவென்று பீரோவுக்குப் போனார். முக்காலி போடவில்லை. எட்டி டப்பாவை எடுத்தார். உள்ளே ரிமோட் இல்லை. டாக்டர் கொடுத்த தாள் இருந்தது. முப்பத்தொன்பது நாளுக்கும் ஆஸ்பத்திரி சார்ட் மாதிரி நீல மையில் டிக். காலை பத்து முறை, மாலை பதினைந்து முறை. அடியில் அவள் கையெழுத்தில் ஒரு வரி: "பீரோ எட்டினால் டிஸ்சார்ஜ்."

அவர் சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். எட்டு மணிநேரம் வார்டில் நின்றுவிட்டு வந்து, தினமும் அந்த வாசலில் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தாளே!

டியூட்டி முடிந்து ஜெயபுஷ்பம் உள்ளே வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து ரிமோட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"புஷ்பம்" என்றார் தேவானந்தம். "நீ இல்லன்னா நான் கேட்டுல லாரி நம்பர் எழுதிட்டு உக்காந்திருப்பேன். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"வலிக்குதா?"

"துளிகூட இல்ல."

"எவ்ளோ மேல போவுது?"

தேவானந்தம் பெருமையாகக் கூரையைத் தொடுவதுபோல நீட்டிக் காட்டினார்.

அந்தக் கையில் ஒட்டடைக்குச்சியைக் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஹால் முடிச்சுட்டு அப்படியே சமையலறைக்கும் வந்துடுங்க."