பழனியிலிருந்து வந்த உளவாளி

என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி வரும். யாரோ நம்மைப் பின்தொடர்கிறார்கள் என்ற நினைப்பு. அப்படிப் பின்தொடரும் அளவுக்கு நாம் பெரிய ஆள் இல்லை என்பதுதான் வேதனை. எனக்கு அது முற்றியபோது வயது இருபத்தொன்பது.

அப்போது சென்னையில் ஒரு பத்திரிகையில் புலனாய்வுச் செய்தியாளனாக இருந்தேன். உலகத்துப் பணக்காரர்கள் தங்கள் பணத்தை எந்தத் தீவில், பெயருக்கு மட்டும் இருக்கும் எந்தக் கம்பெனியில் ஒளித்து வைக்கிறார்கள் என்று தோண்டுவது என் வேலை. (அம்மா அக்கம்பக்கத்தில் "பேங்க்ல இருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தார்.) ஒரு பெரிய முதலாளியின் ரகசிய ஆவணங்கள் கைக்கு வந்ததும், ஊரில் உட்கார்ந்து எழுதலாமென்று பழனிக்கு மேலே மலையில் இருக்கும் அட்டுவம்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மூன்றாம் நாள், பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் சேகர் அண்ணன் என்னை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, ஒரு அம்மா உங்களப் பத்தி வெசாரிச்சுக்கிட்டுத் திரியுது. வெள்ளனே எந்திரிப்பாரா, யாரு வந்து போறாங்க, வெளிநாட்டுக்காரங்ககூட போன்ல என்ன பேசுறாருன்னு கேக்குது."

தெருவை இருபுறமும் பார்த்துக்கொண்டேன். "ஆள் எப்படிண்ணே?"

"நெத்தி நெறையத் திருநீறு. தலையில கம்பளிக் குல்லா. கையில பஞ்சாமிர்த டப்பா."

என்ன ஒரு வேஷம் என்று அசந்துபோனேன். முதலாளி லேசுப்பட்ட ஆளை அனுப்பவில்லை.

அன்று மதியம் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்த அம்மா எங்கள் வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பின்பக்கக் குப்பைத் தொட்டியைக் குச்சியால் கிளறினார். நான் கிழித்துப் போட்ட காகிதங்களைத் தேடுகிறார்! உடனே லேப்டாப்பைக் கோழிக்கூட்டுக்குள் மறைத்தேன். பிறகு சந்து வழியாக டீக்கடைக்கு ஓடினேன். எதிரிக்குத் தப்பான தகவலைக் கொடுத்துத் திசைதிருப்புவது என்று முடிவெடுத்திருந்தேன்.

"அந்த அம்மா மறுபடி வந்தா, நான் சிங்கப்பூர்ல பொண்டாட்டி பிள்ளைகளோட இருக்கேன், இங்க சும்மா வந்து போறேன்னு சொல்லுங்கண்ணே."

"எத்தன பிள்ளைக?"

"ரெண்டு."

"ஆணா, பொண்ணா?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே."

சேகர் அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல.

ஒரு மணி நேரத்தில் அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்.

"ஏங்க, ரெண்டு புள்ளைக்குத் தகப்பனுக்கா எங்க அண்ணன் மகளக் கேட்டீங்க? மூத்தவ ரெண்டாங்கிளாஸ் படிக்கிறாளாம். சின்னவனுக்கு மூச்சிரைப்பாம். இதையெல்லாம் மறைச்சா சோலி முடிஞ்சிருமா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, இது எப்பலே?"

எனக்குத் தெரியாமல் அம்மா பெண் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வந்தவர் பெண்ணின் அத்தை, பழனியில் பஞ்சாமிர்தக் கடை. குப்பைத் தொட்டியில் அவர் தேடியது பிராந்தி பாட்டில்.

"எல்லாம் நான் கட்டிவிட்ட கதைங்க," என்றேன்.

"எதுக்குக் கட்டிவிட்டீங்க?"

"உங்கள உளவாளின்னு நெனச்சுட்டேங்க."

அவர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "புத்தியும் சரியில்லையாக்கா?"

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கட்டுரை வெளியானது. அந்த முதலாளி ஒரு வக்கீல் நோட்டீஸ்கூட அனுப்பவில்லை. என் சிங்கப்பூர்க் குடும்பம் மட்டும் பழனி வரைக்கும் இறங்கி, மேல்மலைக் கிராமங்கள் வரைக்கும் ஏறியது. சேகர் அண்ணன் மறுப்புச் சொல்லிப் பார்த்தார். குடும்ப மானத்துக்காக மறைக்கிறார்கள் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாலு வருஷம் ஒரு வரனும் மலையேறவில்லை.

கடைசியில் என்னோடு வேலை பார்த்த நிர்மலா, முழு விவரமும் கேட்டு அரை மணி நேரம் சிரித்துவிட்டு, என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். கல்யாணப் பந்தியில் என் பெரியப்பா அவளுடைய அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டாந்தாரம்னு தெரிஞ்சும் குடுத்தீங்க பாருங்க, பெரிய மனசுங்க," என்று கண்கலங்கினார். மாமனாரைச் சமாதானப்படுத்த சாம்பார் ஆறும்வரை ஆனது.

இன்றும் ஊருக்குப் போனால், மேல்மலைச் சொந்தக்காரர்கள் நிர்மலாவிடம் இரண்டு பை மலைப்பூண்டு கொடுப்பார்கள். "ஒண்ணு ஒனக்குத் தாயி. இன்னொண்ண சிங்கப்பூருக்கு அனுப்பி விட்ரு. அதுகளும் நம்ம புள்ளைகதானே."

"அனுப்பிர்றேங்க," என்று இரண்டையும் பவ்வியமாக வாங்கிக்கொள்வாள் நிர்மலா.