அறுபது பேருக்கு நூற்று அறுபது சிநேகிதர்கள்

கோபத்தோடு செய்கிற வேலை சுத்தமாக இருக்கும் என்று இருபத்தைந்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். கோபத்தில் தேய்த்த பாத்திரம் பளபளக்கும், கோபத்தில் துவைத்த துணி வெளுக்கும். கோபத்தில் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அதன் பலனை இப்போது எழுதும்போதுகூடக் காது சூடாகிறது. ஆனால் நான் எழுதாவிட்டால் என் அக்கா சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லுவாள்.

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ இருக்கும். திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். (பெயர் வேண்டாம். அங்கே இன்னும் சிலர் என் முகத்தை மறக்கவில்லை.) வீடு ஆரியசாலையில். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வேலை. ஸ்டெல்லா அக்கா ப்ரீ டிகிரியில், அதாவது அங்கத்துப் பிளஸ் டூவில், இரண்டு தடவை தோற்று, தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் படித்தவள் நான், பிழைக்கத் தெரிந்தவள் அவள். இந்தப் பிரிவினையை அம்மாதான் செய்தாள். அதற்காகவும் எனக்குக் கோபம் உண்டு.

பெரிய கோபம் எங்கள் பேராசிரியர் மேல். புரதங்களின் வடிவத்தை ஆராயலாம் என்று ஆசைகாட்டிச் சேர்த்துக்கொண்ட மனிதர், ஒன்றரை வருடம் என்னை இன்டர்நெட்டிலிருந்து கோப்புகளை இறக்கி ஃபிளாப்பியில் ஏற்றுகிற வேலைக்கு வைத்துக்கொண்டார். அன்றைய இன்டர்நெட் வேகத்தில் ஒரு கோப்பு இறங்குவதற்குள் கேன்டீனுக்குப் போய்ச் சாயா குடித்துவிட்டு வரலாம். விருந்தாளிகள் யாராவது வந்தால் என் பக்கம் கையைக் காட்டி, "இது நம்முடெ டவுன்லோட் குட்டி" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்ததை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

இரண்டு வருடம் முடிந்ததும் ஒரு மதிப்பீடு உண்டு. வெளியூரிலிருந்து வருகிற ஒரு நிபுணர் முன்னால் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். தேறினால் உதவித்தொகை நீளும், பிஎச்டிக்குப் பதிவு செய்யலாம். தேறாவிட்டால் வீடு. வீடு என்றால் சும்மா வீடு இல்லை. லாட்ஜ் முதலாளி அக்காவிடம், "தங்கச்சியையும் கூட்டிட்டு வா, ரிசப்ஷன்ல இன்னொரு கசேரை போட்டுத் தரலாம்" என்று சொல்லிவைத்திருந்தார். அப்பாவும் தலையாட்டியிருந்தார். அந்த இரண்டாவது நாற்காலி என் கனவில் வந்து என்னை முறைக்கும்.

டவுன்லோட் குட்டி யார் என்று காட்டிவிடுகிறேன் என்று கிளம்பினேன். புரதம் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த நீளமான சங்கிலி. அது நீட்டி நிமிர்ந்து கிடக்காது, சுருண்டு மடங்கி உருண்டுகொள்ளும். அப்போது சங்கிலியில் தூரத்தில் இருந்தவர்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். யாருக்கு யார் பக்கம், ஒவ்வொருவருக்கும் எத்தனை பேர் தொடர்பு என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் புரதம் எவ்வளவு கெட்டியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். நான் முப்பது புரதங்களை எடுத்து, எண்ணுவதற்கு நானே புரோகிராம் எழுதினேன். யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் திருடிவிடுவார்களாம். (திருட அதில் என்ன இருந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்.)

இருபத்தொன்பது புரதங்களில் ஓர் அமினோ அமிலத்துக்குச் சராசரியாக ஏழு பேர் தொடர்பு வந்தது. முப்பதாவது ஒரு பொடிப் புரதம். அதில் வந்த எண், ஏறக்குறைய நூற்று அறுபது.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை நெருக்கமான புரதத்தை உலகத்தில் எவரும் பார்த்ததில்லை! கொதிக்கவைத்தாலும் குலையாது என்று நானே முடிவுசெய்து, அதற்கு ஒரு கொள்கையும் எழுதினேன். பேராசிரியர் நான் எழுதியதை ஒரு நிமிடம் புரட்டி, "கொள்ளாம்" என்றார். மலையாளத்தில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அவர் வாசிக்கவில்லை என்றும் அர்த்தம்.

மதிப்பீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், தம்பானூரில் ஒரு கடையில் படங்களை எல்லாம் புரொஜெக்டரில் வைக்கிற பிளாஸ்டிக் தாளில் நகல் எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்க லாட்ஜுக்குப் போனேன். பார்க்க இல்லை, பீற்றிக்கொள்ள. ரிசப்ஷனில் அக்கா. எதிர் சோபாவில் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு வழுக்கைத்தலைக்காரர் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார்.

அக்கா தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"ஏ பிள்ள, இந்தப் புரதத்துல மொத்தம் எத்தன பேரு?"

"அறுபது அமினோ அமிலம்."

"ஒருத்தன் எத்தன பேரத் தொடுகான்?"

"நூத்தி அறுபது."

அக்கா தாளைக் கீழே வைத்தாள். "இருக்கதே அறுபது பேரு. பின்னே நூத்தி அறுபது பேர எங்க போய்த் தொடுகான்? பக்கத்து லாட்ஜுலயா?"

அந்த நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்றது. அதை அப்படியே அமுக்கிவிட்டு, "ஒனக்கு மனசிலாகாது" என்றேன்.

"எனக்கு மனசிலாச்சு, கேட்டியா. போன மாசம் இங்க புதுசா வந்த கிளார்க் இதே வேலதான் பண்ணினான். பன்னெண்டாம் நம்பர் ரூமுல ஒரு மெடிக்கல் ரெப்பு இருபது நாள் தங்கினாரு. தெனமும் ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து. இவன் இருபது வரியப் பாத்துட்டு, ரூமுல இருபது பேருன்னு காலையில இருபது சாயா அனுப்பிட்டான். ஒரே ஆள இருபது தடவ எழுதியிருக்கும், பிள்ள. போய் ஒருக்கா நோக்கு."

போய்ப் பார்த்திருக்கலாம். ஆய்வுக்கூடத்துக்குப் பஸ் இருந்தது, நேரம் இருந்தது, கண்ணும் இருந்தது. நான் என்ன செய்தேன்? கவுன்டரை ஓங்கி அறைந்தேன்.

"இது சயன்ஸ்! சாயா எண்ணுக வேல இல்ல! ப்ரீ டிகிரி பாஸாகாதவ எனக்குப் புரதம் படிச்சுத் தர வேண்டாம்!"

லாபி முழுக்கக் கேட்டது. சோபாக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னை ஒரு தடவை பார்த்தார். அக்கா தாள்களை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

மறுநாள் கருத்தரங்க அறையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த வெளியூர் நிபுணருக்கு வழுக்கைத் தலை.

சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர், ஸ்டேஷனுக்குப் பக்கம் என்று அக்காவின் லாட்ஜில் தங்கியிருக்கிறார். என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தார். எப்படியோ பேசினேன். நூற்று அறுபது திரையில் வந்ததும் பேராசிரியர் எழுந்து, "நாங்கள் இதை முக்கியமான கண்டுபிடிப்பாகக் கருதுகிறோம்" என்றார். நாங்களாம்!

நிபுணர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே தமிழில் கேட்டார். "நேத்து லாட்ஜுல அந்த அம்மா கேட்டதையேதான் நானும் கேக்கறேன். அறுபது பேர்ல ஒருத்தர் எப்படிம்மா நூத்தி அறுபது பேரைத் தொடுவார்?"

நான் திரையில் இருந்த எண்ணைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தக் கோப்பைத் திறந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஒன்றரை வருடம் ஆயிரக்கணக்கில் கோப்புகளை இறக்கிய நான் ஒன்றையாவது திறந்து மேலிருந்து கீழ்வரை வாசித்ததில்லை. அறை மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் அங்கேயே திறக்கச் சொன்னார். திறந்தேன். கரைசலில் வைத்து வடிவம் கண்டுபிடித்த புரதம் அது. அந்த முறையில் ஒரே ஒரு படம் கிடைக்காது, தகவலுக்குப் பொருந்துகிற பல படங்கள் கிடைக்கும். இதில் இருபது. அத்தனையையும் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் மாடல் ஒன்று, மாடல் இரண்டு என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அணு என்று தொடங்காத வரியை எல்லாம் தாண்டிப் போ என்று என் புரோகிராமுக்கு நான் உத்தரவு போட்டிருந்தேன். அது இருபது படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி ஒரே புரதமாக எண்ணியிருக்கிறது. ஏழு சிநேகிதர்களை இருபது தடவை எண்ணினால் நூற்று நாற்பது. மீதிக்கு, ஒவ்வொருத்தனும் தன்னையே பத்தொன்பது தடவை தொட்டுக்கொண்டிருந்தான்.

அறையில் முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் விடமாட்டேன். பேராசிரியர் மறுபடி எழுந்து, "இந்தக் குட்டி என்னிடம் காட்டாமல் தன்னிஷ்டத்துக்குச் செய்தது" என்றார். 'நாங்கள்' ஒரே கேள்வியில் 'இந்தக் குட்டி' ஆகிவிட்டது. அவரைத் திட்டக்கூட எனக்கு வாயில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை.

மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அதுவரை உதவித்தொகை கிடையாது. அந்த மூன்று மாதமும் எங்கே இருந்தேன் என்று கேட்க வேண்டாம். கேட்காமலே சொல்கிறேன், இரண்டாவது நாற்காலியில். முதல் நாள் அக்கா ரிஜிஸ்டரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சயன்ஸு கழிஞ்சா இதையும் பாரு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பதில் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அந்தக் கவுன்டரில் உட்கார்ந்தே, அச்செடுத்த கோப்புகளை வரிவரியாக வாசித்து, புரோகிராமைத் திருப்பி எழுதினேன். பொடிப் புரதத்துக்கு எல்லாரையும் போல ஏழு வந்தது. அந்த ஏழைச் சொல்லித்தான் இரண்டாம் தடவை தேறினேன். யாரும் கைதட்டவில்லை.

அக்கா அதோடு விட்டாளா? பிஎச்டி கிடைத்ததும் ஃபோன் செய்தேன். "ஒரு பட்டந்தானே? நல்லா எண்ணினியா?" என்றாள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் வேனில் வந்து இறங்க, வாசலில் நின்று, "இருபது ஆளா, ஒரே ஆளா?" என்று உரக்கக் கேட்டாள். மாமனாருக்கு இன்றுவரை அது புரியவில்லை.

பிறகு எனக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். நர்ஸைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், இது ரெண்டு பிள்ளையளா, இல்ல ஒண்ணையே இவ ரெண்டு தடவ எழுதி வச்சிருக்காளான்னு ஒருக்கா நோக்கணும். இவளுக்கு அப்பிடி ஒரு சீக்கு உண்டு."

நர்ஸ் சிரித்தாள், அம்மா சிரித்தாள், என் கணவரும் சிரித்தார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கத்தின கத்தலில் எல்லாரும் வெளியே ஓடினார்கள்.

கதவு சாத்தியதும் தொட்டிலைப் பக்கத்தில் இழுத்து, நிதானமாக, ஒவ்வொரு தலையிலும் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன்.