உதவிக்கு ஒரு மோட்டார்

ஜனவரி 9: மின்சார சைக்கிள், தள்ளுபடி போக, 88,500.
ஜனவரி 10: தலைக்கவசம், கையுறை, கறுப்புக் கண்ணாடி, 6,240.
ஜனவரி 15: வியர்வை துடைக்கத் துண்டு, 180. இன்றுவரை நனையவில்லை.

தொகைகளை நான் விசாரிக்கவில்லை. மாடிவீட்டுக்காரரே சொன்னார், தினமும்.

மனிதர்களில் மிதிக்காமல் மிதிப்பவர் என்றொரு இனம் உண்டு. தெருவில் எப்படி அடையாளம் காண்பது? மேட்டில் மற்றவர்கள் நாக்குத் தள்ள ஏறிக்கொண்டிருக்கும்போது, இஸ்திரி கலையாத சட்டையோடு, ஒரு மரியாதைக்குக் கால்களைச் சுற்றிக்கொண்டு, மணியடித்துக் கடந்து, "சைக்கிள் மாதிரி உடம்புக்கு வேற எதுவும் கிடையாதுங்க!" என்று அறிவுரையும் உதிர்த்துவிட்டுப் போவார். பெட்ரோல் செலவில்லை, நெரிசலில்லை, வேர்க்காமல் அலுவலகம் போய்ச் சேரலாம். எல்லாம் உண்மைதான். வேர்க்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததுதான் வில்லங்கம்.

எங்கள் மாடிவீட்டுக் காப்பீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. "மூணு மாசம் சைக்கிள் மிதிங்க. குறையலைன்னா ஊசிதான்" என்றாராம் மருத்துவர். ஊசி என்றால் இவருக்குக் குலைநடுக்கம். அன்றைக்கே சைக்கிள் வாங்கினார். மோட்டார் வைத்தது.

"மோட்டார் சும்மா உதவிக்குத்தான். மிதிக்கிறது நான்தான்."

"அப்புறம் ஏங்க, சார்ஜ் தீர்ந்த அன்னைக்கு வாடகை வேன்ல ஏத்திக்கிட்டு வந்தீங்க?" என்றார் மனைவி.

"இருபத்தாறு கிலோடி! அதை மனுஷன் மிதிப்பானா?"

மோட்டார் தரும் உதவிக்கு ஒன்று முதல் ஐந்துவரை அளவு உண்டு. அவர் ஐந்திலிருந்து இறங்கி எவரும் பார்த்ததில்லை. மாலையில் பேட்டரியைக் கழற்றி, கைக்குழந்தைபோல் ஏந்தி, லிப்டில் கொண்டுபோவார். படியேறினால் அது குலுங்குமாம்.

ஏப்ரல் 9-ஆம் தேதியோடு மூன்று மாதம் முடிந்தது. "எவ்வளவு ஓட்டினீங்க?" என்றார் மருத்துவர்.

"தொள்ளாயிரம் கிலோமீட்டர், டாக்டர்!"

மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார். "அந்த மோட்டாருக்குச் சர்க்கரை இருந்திருந்தா இந்நேரம் குணமாயிருக்கும். இன்னும் ஒரு மாசம் தர்றேன். நீங்க மிதிங்க." கூடப் போயிருந்த மனைவி இதைச் சொல்லிச் சிரித்த சிரிப்பு கீழ்வீடுவரை கேட்டது.

மறுவாரமே மழையில் நனைந்து பேட்டரி செத்தது. நல்லதாயிற்று, இனி மிதித்துத்தானே ஆகவேண்டும் என்பீர்கள். உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது.

"புது பேட்டரிக்கு எழுதியிருக்கேன். வந்ததும் மறுநாளே உடற்பயிற்சிதான்."

"அதுவரைக்கும்?" என்றார் மனைவி.

"அதுவரைக்கும் ரெஸ்ட்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். காலை நடைக்காகப் பூங்காவரை காரில் போய், வாசலருகே நிழலில் நிறுத்த இடமில்லை என்று காவலாளியோடு மல்லுக்கு நிற்பவர் ஒருவரையும் எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். இதைப் படிக்கிறாரோ என்னவோ.

கம்பெனியின் முதல் இரண்டு கடிதங்களும் "பரிசீலனையில் உள்ளது" என்றன. மூன்றாவது சொன்னது: "அந்த வகை பேட்டரி தயாரிப்பதை நிறுத்திவிட்டோம். தங்கள் வண்டியை மிதித்தும் ஓட்டலாம் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம்."

அவர் இரண்டுமுறை படித்தார். பிறகு லிப்டில் இறங்கி, ஊசி போட்டுக்கொள்ளப் போனார். கடிதம் வந்த தேதி: மே 12.