பச்சை தாண்டாத வெள்ளம்

உலகத்தில் வெள்ளம் வந்த ஊர்கள் ஆயிரம் உண்டு. ஆனால் வெள்ளம் வந்து, வடிந்து, சேறு காயும்வரை 'அபாயம்' என்ற நிலையை ஒரு நிமிஷம்கூட எட்டாத ஒரே ஊர், ஷிரே ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சிபாலேதான். இது தற்பெருமை அல்ல. மாவட்டத்துக்குப் போன அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. அந்த அறிக்கையை எழுதியவன் நான் என்பது வேறு விஷயம்.

நான் சிபாலே பேரிடர் ஆயத்தக் குழுவின் செயலாளர். குழுவில் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு ஆரஞ்சு மேலங்கி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு மெகாபோன், ஓர் ஓடம், ஒரு விதிமுறைப் புத்தகம். ஓடம் உண்மையில் மீன்பிடிக்கிற ஜோசாயாவுடையது. ஊரில் ஓட்டை இல்லாத ஓடம் அது ஒன்றுதான் என்பதால் குழு 'பொதுநலன் கருதி' அதை எடுத்துக்கொண்டது. ஆரஞ்சு வண்ணம் அடித்து, திருட்டுப் போகாமல் சங்கிலி போட்டுப் பூட்டியது. ஜோசாயா அன்றிலிருந்து கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறான். பேரிடருக்கு அவன் செய்த தியாகத்தைக் குழு இரண்டு முறை பாராட்டியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எங்கள் கம்பம். அடியில் பச்சை, நடுவில் மஞ்சள், உச்சியில் சிவப்பு. தண்ணீர் பச்சையில் இருந்தால் நிம்மதியாக ந்சிமாக் களி கிண்டலாம். மஞ்சள் என்றால் மூட்டை கட்ட வேண்டும். சிவப்பைத் தொட்டால் மெகாபோனில் கூப்பிட்டு, ஓடத்தை அவிழ்த்து, ஊரையே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற வேண்டும்.

கம்பத்தை ஆற்றோரம் நட்டவள் லினேசி. சிவப்பு நனைந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் முதல் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வர வேண்டும் என்று மூன்று மழைக்காலம் இடுப்பளவு நீரில் நின்று பார்த்து இடம் குறித்தாள். அந்த முதல் வீடு அவளுடையதே. கம்பம் நட்ட சில நாளில் அவள் புருஷன் வில்லார்ட் பனையிலிருந்து விழுந்து கால் முறிந்து, அந்த வீட்டுக்குள் கட்டிலோடு கிடந்தான்.

இந்த நிலையில்தான், கம்பத்தைத் 'திறந்துவைக்க' தலைநகரிலிருந்து ஒரு பெரியவர் வருவதாகச் செய்தி வந்தது. முந்தின நாள் அவருடைய வரவேற்பு அதிகாரி வந்தார். ஆற்றோரம் போனார். முழங்கால்வரை சேற்றில் இறங்கினார்.

"இங்கயா?" என்றார் அதிர்ச்சியோடு. "ஐயாவோட ஷூ என்ன ஆகுறது?"

அவசரக் கூட்டம் கூடியது. எங்கள் குழு கூடிய கூட்டங்களில் இதைப்போல் உயிரைக் கொடுத்து விவாதித்த கூட்டம் வேறில்லை. பலகை போடலாம் என்றார் ஒருவர். நான்கு பேர் தூக்கிப் போகலாம் என்றார் இன்னொருவர்.

"வழுக்கி விழுந்தா முதல வாயிலதான்," என்றான் ஜோசாயா. "முதலைக்கும் வயித்துவலி வரும், பாவம்."

தலைவர் பெஸ்டன் காச்சிங்வே தொண்டையைச் செருமினார். "ஐயாவ கம்பத்துகிட்ட கொண்டுபோறது கஷ்டம். கம்பத்த ஐயாகிட்ட கொண்டுவர்றது சுலபம்."

மேதைகள் இப்படித்தான் யோசிப்பார்கள்.

லினேசி எழுந்தாள். "தலைவரே, அது தண்ணி பாக்குற கம்பம். ஆளுங்கள வரவேற்கிற கம்பம் இல்ல."

"ஒரே ஒரு நாளும்மா. விழா முடிஞ்சதும் திருப்பி நட்டுடலாம்."

"அந்த ஒரு நாள்ல ஆறு ஏறுனா?"

"ஐயா வர்ற அன்னிக்கு ஆறு ஏறுமா? என்ன பேச்சு பேசுற நீ?"

தீர்மானம் நிறைவேறியது. சந்தை மேட்டில், புளியமரத்தடியில், சிமென்ட் போட்டுக் கம்பம் கம்பீரமாக நின்றது. பெரியவர் வந்தார். ரிப்பன் வெட்டினார். ஷூ பளபளத்தது. கம்பத்தடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையே என்று போட்டோக்காரர் குறைபட்டதால், ஆற்றிலிருந்து இரண்டு வாளி கொண்டுவந்து ஊற்றினோம். 'இனி சிபாலேயில் வெள்ளத்துக்கு வேலையில்லை' என்று பெரியவர் முழங்கினார். கைதட்டலில் புளியம்பழம் உதிர்ந்தது.

போகும்போது அவர் பெயர் பொறித்த செப்புத் தகட்டைக் கம்பத்தில் பதித்துவிட்டுப் போனார்கள். இனி அதைப் பிடுங்கினால் மரியாதைக் குறைவு. இடமாற்ற அனுமதி கோரி நான்தான் கடிதம் எழுதினேன். 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. லினேசி வாரம் தவறாமல் வந்து கேட்டாள். நானும் வாரம் தவறாமல் அந்தப் பதிலைப் படித்துக் காட்டினேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில். சிபாலேயில் ஒரு தூறல் இல்லை. மழையெல்லாம் மேலே மலையில் பெய்திருந்தது. குழு புளியமரத்தடியில் கூடி, புது மேலங்கிகளுக்குப் பை வைப்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தது. லினேசி தொடைவரை நனைந்த துணியோடு ஓடிவந்தாள்.

"தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சு! கட்டில் மேல மேசையப் போட்டு, அதுக்கு மேல அவர ஏத்திட்டு வந்திருக்கேன். ஓடத்தக் குடுங்க!"

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கம்பத்தைப் பார்த்தோம். பச்சைகூட நனையவில்லை.

"நிலவரம் பச்சைக்கும் கீழ இருக்கு," என்றார் தலைவர். "நீ ஏம்மா பதட்டப்படுற?"

"என் துணியப் பாருங்க தலைவரே!"

"உன் துணி அங்கீகரிக்கப்பட்ட அளவுகோல் இல்லம்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். ஓடத்தின் சாவி செயலாளர் பொறுப்பு. "செக்ரட்டரி அண்ணே. நீங்களாவது. அவரால நடக்க முடியாது அண்ணே."

என் கை சட்டைப்பைக்குள் போனது. சாவி விரலில் பட்டது. தலைவரைப் பார்த்தேன்.

"விதி பதினேழு," என்றார் அவர். "சிவப்பு வராம பூட்டத் திறந்தா, திறந்தவர் பதவி காலி. வேணும்னா ஓட்டுக்கு விடுவோம்."

கை வெறுமையாக வெளியே வந்தது. ஓட்டெடுப்புக்காக அதை உயர்த்தினேன்.

லினேசி ஓட்டு எண்ணும்வரை நிற்கவில்லை. மேசைமேல் இருந்த மெகாபோனைப் பிடுங்கி, பெஞ்சின்மேல் ஏறி, ஊரே கிடுகிடுக்கக் கத்தினாள். "எந்திரிங்க! ஆறு வந்துருச்சு! பிள்ளைங்களத் தூக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க!" நானூறு பேர் மேடேறினார்கள். என் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அதில் அடக்கம். ஜோசாயா கோடாலி தேடி எடுத்து, தன் சொந்த ஓடத்தின் சங்கிலியைத் தானே வெட்டினான். அரை மணி நேரம் ஆனது. அவனும் லினேசியும் துடுப்புப் போட்டுக்கொண்டு போனபோது அவள் வீட்டுக் கூரை மட்டும் மிதந்து வந்தது.

மறுநாள் தண்ணீர் புளியமரத்தை எட்டி, கம்பத்தில் ஒரு சாண் நனைந்தது. 'பச்சை' என்று முறைப்படி அறிவித்தோம். அதற்குமேல் ஏறவில்லை. வெள்ளத்தை இவ்வளவு கட்டுக்குள் வைத்ததற்காக எங்களுக்கு 'முன்மாதிரிக் கிராமம்' என்ற சான்றிதழ் வந்தது. அனுமதியின்றி மெகாபோனைப் பயன்படுத்தியதற்காக லினேசிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.

அறிக்கையில் 'வெள்ளத்தில் இறந்தோர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கேதான் சிக்கல்.

"பச்சையில யாரும் சாக முடியாது," என்றார் தலைவர். "புத்தகத்துல அதுக்கு இடமில்ல. பூஜ்யம்னு போடு."

போட்டேன். வில்லார்டுக்குத் தனியாக ஒரு படிவம் நிரப்பினேன். இறப்புக்குக் காரணம்: கால் முறிவு. கையெழுத்து வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லினேசி தரையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இது தப்பு அண்ணே."

"எதும்மா?"

"கால் ஒடிஞ்சு ரெண்டு மாசம் உசுரோடதான இருந்தாரு. அத அடிச்சிட்டு 'சாவி'ன்னு எழுதுங்க. எழுதுனா கையெழுத்துப் போடுறேன்."

மேற்படி திருத்தம் இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது. சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது.