டிம்பரின் மாந்தோப்பு

கோலார் தங்கவயலில் இன்றுவரை அதிர்ச்சியே அடையாத ஒரு மனிதர் இருந்தால், அவர் இன்னும் டிம்பரைச் சந்திக்கவில்லை என்று பொருள்.

சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் குடைந்த பாதைகளின் கூரை இடிந்து விழாமல் இருக்க மரக்கட்டைகளால் முட்டுக் கொடுக்கும் வேலை அவருடையது. அதனால் டிம்பர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரை ரேஷன் கார்டு மட்டுமே பயன்படுத்தியது. சுரங்கத்தை மூடிப் பல வருடங்கள் ஆன பிறகு, மைசூர் மைன்ஸ் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் உட்கார்ந்து, விரல் உயரத்தில் மரம் செய்துகொண்டிருந்தார். பொம்மைத் தோட்டங்களில் வைக்கிற மரம். பள்ளிக்கூடத்துக்குப் பண்ணை மாதிரி செய்துகொண்டு போக வேண்டிய பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் முதல் நாள் மாலை அலறிக்கொண்டு ஓடிவருவது அவரிடம்தான். ஒரு மரத்தின் அடக்கவிலை ஒரு டீயின் விலைகூட வராது. காரணம் எளிமையானது. மூலப்பொருள் எதையும் அவர் கடையில் வாங்கியதில்லை. எங்கள் வீடுகளிலிருந்து எடுத்துக்கொள்வார்.

செய்முறை இது. பழைய மோட்டாரில் சுற்றியிருக்கும் செம்புக்கம்பியைக் கற்றையாக எடுத்து முறுக்கினால் அடிமரம். மேலே பிரித்துப் பிரித்து முறுக்கினால் கிளை. அதன்மேல் சுவரில் பூசும் பட்டி மாவும் பசையும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் அடுப்புக்கரியைத் தேய்த்தால் பட்டை. இலைக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச். எங்கள் வரிசையில் எந்த வீட்டு ஸ்பாஞ்சும் முழு ஆயுள் வாழ்ந்ததில்லை. தண்ணீர் குடிக்க வந்தவர்போல் சமையலறைக்குள் நுழைவார். அவர் போன பிறகு தொட்டியில் சோப்பு மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும்.

ஸ்பாஞ்சைப் பச்சைச் சாயத்தில் நனைத்து, காயவைத்து, மனைவி சரோஜா அக்காவின் மிக்ஸியில் அரைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தம்பி வேலூரிலிருந்து வந்திருந்தார். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. "கொத்தமல்லி கொஞ்சம் தூக்கலா கீது, ஆனா நல்லா கீது" என்று சொல்லி மூன்றாவது முறையும் போட்டுக்கொண்டார். அக்கா கொத்தமல்லியே போடவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் மிக்ஸியைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பியின் நாக்கு மறுநாள் மாலைவரை மாமரத்தின் நிறத்தில் இருந்தது. டிம்பர் அவரை வெயிலில் நிற்கவைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"சாயம் நல்லா புடிக்குது, மச்சான்."

வரிசைக் கோடியில் இருந்த ஓர் அம்மா, மாடத்துத் துளசி பட்டுப்போய்விட்டது என்று கண்கலங்கி நின்றார். வீட்டுக்கு ஆகாதே என்பது அவர் கவலை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றிநின்று தேற்றிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிம்பர் வந்தார். செடியை ஒடித்துப் பார்த்தார்.

"அடிவரைக்கும் காய்ஞ்சிடுச்சா? ரொம்ப சந்தோஷம்மா!"

துளசிக் குச்சி காய்ந்தால் அச்சு அசல் வயதான புளியமரம்போல இருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதை விளக்குவதற்குள் அந்த அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டார்.

டீக்கடைக்காரரோடு தனியாக ஓர் உறவு. வடிகட்டிய டீத்தூள் முழுவதும் டிம்பருக்கு. காய்ந்ததும் மரத்தடிச் சருகாகத் தூவுவார். ஒருநாள் கடைக்காரரைக் கண்டித்ததை நானே கேட்டேன். "நேத்து தூளு சாயம் சரியில்ல மாஸ்டர். ரொம்ப கொதிக்க வுட்டுட்டீங்க. தரையெல்லாம் வெளுத்துப்போச்சு." கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் கிளாஸைப் பார்த்தார்கள்.

எல்லாவற்றுக்கும் உச்சம் சவுரி. பங்காருப்பேட்டையில் ஒரு கல்யாணம். சரோஜா அக்கா பட்டுப்புடவை கட்டி, பின்னலில் வைத்துக் கட்ட சவுரிமுடியைத் தேடினார். அலமாரியில் இல்லை. பெட்டியில் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"என் சவுரி எங்க?"

"அதோ, கெணத்துக்கு மேற்கால."

அவர் பலகையில் செய்துவைத்திருந்த பொம்மைக் கிணற்றுக்கு மேற்கே இருந்தது ஒரு தென்னந்தோப்பு. ஒவ்வொரு கீற்றும் நுனியில் மெல்ல வளைந்து, காற்றுக்குக் காத்திருப்பதுபோல நின்றது. அக்கா அலறியது மாரிகுப்பம் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் பூதிகோட்டையிலிருந்து நாராயணப்பா வந்தார். மாந்தோப்புக்காரர். விவசாயக் கண்காட்சியில் அவருக்கு ஒரு கடை ஒதுக்கியிருந்தார்கள். அதில் தன் தோப்பை அப்படியே ஒரு பலகையில் சிறியதாகச் செய்து வைக்கப்போவதாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். டிம்பரை அழைத்துப்போய்த் தோப்பைச் சுற்றிக் காட்டினார். டிம்பர் ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்து அளவெடுத்தாராம். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

சரோஜா அக்கா அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார். என்னையும் கூப்பிட்டு சாட்சிக்கு நிறுத்தினார்.

"தம்பி, நீயும் கேட்டுக்கோ. இந்தப் பலக கண்காட்சிக்குப் போயி மரியாதையா நின்னுச்சுன்னா சரி. வேணாம்னு திரும்பி வந்துச்சு, இந்த வூட்ல கீற மரம், கம்பி, சாயம் அத்தனையும் வெந்நீர் அடுப்புக்குத்தான். இவரு இனிமே ஒரு குச்சி தொடக் கூடாது."

டிம்பர் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சுரங்கம் மூடிய பிறகு அவருக்கு வேறு வேலையும் கிடைக்கவில்லை, வேறு பேச்சும் இருந்ததில்லை. அந்தக் குச்சியும் போனால் காலையில் எழுந்து அவர் என்ன செய்வார் என்பது அவருக்கே தெரியாது. அதன்பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். யாரையும் உள்ளே விடவில்லை. ஸ்பாஞ்ச் மட்டும் வழக்கம்போலக் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

கண்காட்சிக்குப் புறப்படும் காலையில் நாராயணப்பா டெம்போவோடு வந்து இறங்கினார். டிம்பர் பலகையை வாசலுக்குக் கொண்டுவந்து துணியை எடுத்தார். வரிசையே கூடியிருந்தது. பத்திரிகையில் மிகைச் சொற்களை வெட்டுவது என் பிழைப்பு. ஆகவே அளந்தே சொல்கிறேன்: அது மாந்தோப்பு. கிளைக்குக் கிளை இலையின் பச்சை வேறாக இருந்தது. கொழுந்து செம்பழுப்பு. அடியில் நிழல் விழுந்தது.

நாராயணப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்ன சுவாமி இது? நம்ம தோட்டத்துல மரம் தள்ளித் தள்ளி, தனித்தனியா இருக்கு. நீங்க ஜோடி ஜோடியா எதிரும் புதிருமா நிறுத்தி வெச்சிருக்கீங்க. இது தோப்பா, கல்யாண ஊர்வலமா?"

அப்போதுதான் நாங்களும் கவனித்தோம். மரங்கள் இரண்டிரண்டாக, சம இடைவெளியில், நடுவில் நடைபாதை விட்டு, கோடிவரைக்கும் நின்றன. தரைக்கடியில் சுரங்கப் பாதைக்கு இரண்டு பக்கமும் கட்டை நிறுத்துகிற அதே கணக்கு.

"முட்டு" என்றார் டிம்பர்.

"எதுக்கு முட்டு?"

"மேல தாங்க வேணாமா?"

"மேல என்ன இருக்கு? வானம்தானே இருக்கு!"

டிம்பர் மேலே அண்ணாந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

"வானம்தான். இன்னிக்கு வரைக்கும் நல்லாத்தான் நிக்குது. அதுக்காக முட்டு குடுக்காம வுட்டுடறதா?"

நாராயணப்பா கன்னடத்தில் ஏதோ சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார். "ஜோடிக்கு ஒண்ண பிடுங்கிடுங்க. இல்லாட்டி எனக்கு இது வேண்டாம். நாலு பேரு சிரிப்பாங்க."

டிம்பர் இரண்டு கைகளையும் பலகையின்மேல் விரித்துக் குனிந்துகொண்டார். "புடுங்க முடியாதுங்க. கை வராது."

எல்லோரும் சரோஜா அக்காவைப் பார்த்தோம். வெந்நீர் அடுப்பு பின்கட்டில் எரிந்துகொண்டுதான் இருந்தது. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினார். பலகையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு நாராயணப்பாவைக் கேட்டார்.

"உங்க தோட்டத்துல ஆளுங்க வேல செய்றாங்களா?"

"செய்றாங்கம்மா. களை எடுக்க, காய் பறிக்க..."

"சாயங்காலம் அத்தன பேரும் வூட்டுக்குத் திரும்பிப் போவணும் இல்ல?"

"போகணும்."

"அப்புறம் இன்னாத்துக்கு முட்ட புடுங்கச் சொல்றீங்க?"

நாராயணப்பா என்னைப் பார்த்தார். நான் டெம்போவைப் பார்த்தேன்.

"சொரங்கத்துல இவரு முட்டு குடுத்த லெவல்ல எறங்குன ஆளுங்க அத்தன பேரும் ஏறி வந்தாங்க. அது எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "வானத்தப் பத்தி எனக்குத் தெரியாது. எடுத்துக்கிறதுன்னா அப்படியே எடுத்துக்கோங்க. ஏய், இன்னாய்யா குனிஞ்சிக்கினு கீற? ஒரு பக்கம் புடி."

டிம்பர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். எங்களில் யாரைக் காட்டிலும் அதிகமாக அதிர்ந்துபோனவர் அவர்தான்.

கண்காட்சிக்கு நானும் கூடப் போனேன். நண்பகல்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுத்த கடையில் கட்டியிருந்த உயர்ஜாதி ஆடு ஒன்று கழுத்தை நீட்டி ஒரு மாமரத்தின் இலை முழுவதையும் தின்றது. கம்பியைத் துப்பிவிட்டது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மச்சானைப் போலவே நாக்கு மட்டும் பச்சையானது. இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு மரத்துக்குக் கிடைக்காது என்று நான் சொன்னேன். டிம்பர் காதில் அது விழவில்லை. ஜோடியில் ஒன்று போய்விட்டதே! காலியான இடத்தில் ஆள்காட்டி விரலை நட்டுவைத்து நின்றார். கண்காட்சி முடியும்வரை எடுக்கவில்லை. சாப்பாட்டை நான்தான் ஊட்டிவிட்டேன்.

விவசாய அதிகாரி ஒருவர் வந்து பலகையைக் கூர்ந்து பார்த்தார். "இதென்ன, புது நடவு முறையா?"

நாராயணப்பா ஒரு நொடிதான் தயங்கினார். "ஆமா சார். ஜோடி நடவு. நம்ம சொந்த முறை."

"இதனால என்ன பலன்?"

நாராயணப்பா திரும்பி டிம்பரைப் பார்த்தார்.

"மேலேருந்து ஒண்ணும் வுழாது சார்" என்றார் டிம்பர், விரலை எடுக்காமல்.

அதிகாரி யோசனையோடு தலையாட்டிவிட்டுப் போனார். பலகை எங்கள் வரிசைக்குத் திரும்பி வரவில்லை. இப்போது பூதிகோட்டையில் நாராயணப்பா வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் ஜோடி நடவைப் பற்றி அவர் மணிக்கணக்காக விளக்குகிறாராம்.

போன மாதம் என் மேஜைக்கு ஒரு வேப்பமரம் கேட்டுப் போனேன். டிம்பர் எங்கோ ஸ்பாஞ்ச் தேடிப் போயிருந்தார். சரோஜா அக்கா உள்ளே போய் இரண்டு மரம் எடுத்துவந்து நீட்டினார்.

"ஒண்ணு போதும்க்கா" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அறிவு கெட்டவன் ஒருவனைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்கிற அதிர்ச்சி அந்த முகத்தில் இருந்தது.

"ஒண்ணா? ஒண்ணு எப்படிப்பா தாங்கும்?"

இரண்டையும் வாங்கிவந்து மேஜையின் இரண்டு பக்கமும் வைத்தேன். இதை அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; கொஞ்சம் தைரியமாகத்தான் இருக்கிறது.